உயர்தரச் சுருட்டைப் புகைத்து மதிப்பிடுவது எப்படி?

கேட்கப்பட்டது இதுதான்: கையால் சுற்றிய நல்ல சுருட்டு ஒன்றைப் புகைத்துப் பார்த்து அதன் தரத்தைக் கணிப்பது எப்படி? மதிப்புரைகளில் தோல், சிடார் மரம், கொக்கோ, வெண்மிளகு என்றெல்லாம் எழுதுகிறார்கள். தமக்கோ புகையிலை நெடியைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. இது நாக்கின் குறையா?

நாக்கில் குறை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். மதிப்பிடுதலில் கடைசியாக வரவேண்டிய வேலையை முதலில் எடுத்துக்கொள்வதால் வரும் குழப்பம் இது. சுவைகளுக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால், சுருட்டு ஒழுங்காகச் சுற்றப்பட்டிருக்கிறதா, புகை தடையின்றி வருகிறதா, கங்கு சீராக நகர்கிறதா, புகையின் காட்டம் எவ்வளவு, வாயில் அதன் கனம் எவ்வளவு என்று பார்க்கவேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் சுவை திரிந்துவிடும். திரிந்த சுவைக்கு எத்தனை அழகான பெயர் சூட்டினாலும் அது அந்தச் சுருட்டைப் பற்றிய தகவலாகாது. கியூபாவின் ஆலைகளில் கத்தாதோர் எனப்படும் சுவைப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இழுவை, எரிதல், காட்டம், மணம், சுவை ஆகியவற்றைத் தனித்தனியே கணித்தே ஒரு சுருட்டைத் தேற்றுகிறார்கள். வீட்டில் உட்கார்ந்து புகைப்பவரும் இந்தப் பிரிப்பைப் பழகிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உயர்தரச் சுருட்டு என்று இங்கே சொல்வது, முழு நீள இலைகளைக் கொண்டு கையால் சுற்றப்பட்ட, வாசனைப் பொருள் எதுவும் சேர்க்காத சுருட்டை. நறுக்கிய புகையிலையை இயந்திரத்தில் அடைத்து, புகையிலைக் கூழிலிருந்து செய்த தாளால் சுற்றி வருவது வேறு சரக்கு. அதற்கு இந்த முறைகள் பொருந்தா. முழு இலைச் சுருட்டுக்கு மூன்று அடுக்குகள் உண்டு. வெளியே தெரிவது ரேப்பர் எனப்படும் மேலிலை. அதற்குள் வடிவத்தை இறுக்கிப் பிடிப்பது பைண்டர் எனப்படும் கட்டிலை. நடுவில் இருப்பவை ஃபில்லர் எனப்படும் உள்ளிலைகள். உள்ளிலைகளும் ஒரே வகையானவை அல்ல. செடியின் அடிப்பகுதியில் விளையும் மெல்லிய இலை எளிதில் எரியும், சுவை குறைவு. கியூபாவில் அதை வொலாதோ என்பார்கள். நடுப்பகுதி இலையான செக்கோ மணத்துக்கு உரியது. உச்சியில் வெயிலை நேரடியாக வாங்கித் தடித்து, எண்ணெய்ப்பசையோடு வளரும் லிஹேரோ காட்டத்தைத் தருவது. அது மெதுவாகத்தான் எரியும். எல்லாச் செடிகளிலும் கிடைக்காத, லிஹேரோவுக்கும் மேலே வரும் இரண்டொரு சிற்றிலைகளுக்கு மெதியோ தியெம்போ என்று பெயர். 2010-இல் கோஹிபா முத்திரையில் வெளிவந்த பெஹிக்கே வரிசையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அந்த இலையைச் சுற்றியே நடந்தது.

இந்த இலைக் கணக்கு மதிப்பீட்டுக்கு ஏன் வேண்டும் என்றால், சுருட்டின் நடத்தை பலவும் இதிலிருந்தே விளங்குகிறது. தேர்ந்த கைவினைஞர் லிஹேரோவை நட்டநடுவில் வைத்து, எளிதில் எரியும் இலைகளை அதைச் சுற்றி அமைப்பார். அதனால் கங்கு நடுவில் கூம்பாக நீண்டு, ஓரங்கள் ஒரே மட்டத்தில் எரிந்து வரும். லிஹேரோ ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால் அந்தப் பக்கம் பின்தங்கும், எதிர்ப்பக்கம் ஓடும், காட்டமும் திடீரென்று ஏறி இறங்கும். அப்படிப்பட்ட சுருட்டில் ஒருவர் ‘சுவை மாறிக்கொண்டே வருகிறது, ஆழமான கலவை’ என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அது கலவையின் ஆழம் அன்று, சுற்றலின் கோளாறு.

பற்றவைப்பதற்கு முன்பே கண்ணும் விரலும் மூக்கும் செய்யவேண்டிய வேலை இருக்கிறது. மேலிலையில் நிறம் முதலில் படும். தவறான முடிவுகள் மிகுதியும் அங்கேதான் பிறக்கின்றன. கருமை கூடக்கூடக் காட்டம் கூடும் என்ற எண்ணம் பரவலானது, ஆனால் சரியன்று. மதூரோ எனப்படும் கரும்பழுப்பு இலை, தடித்த இலையைக் கூடுதல் வெப்பத்தில் நெடுநாள் புளிக்கவைத்துப் பெறுவது. அந்தப் பாடம் போடுதலில் கூர்மை தணிந்து இனிப்புச் சாயல் வருகிறது. காட்டத்தை முடிவுசெய்வது பெரும்பாலும் உள்ளிலைக் கலவைதான். துணிப்பந்தலுக்குக் கீழே வளர்த்த வெளிர் கனெக்டிகட் இலைக்குள் நிகராகுவாவின் எஸ்தெலி வட்டாரத்து லிஹேரோவைத் தாராளமாக வைத்துச் சுற்றினால், பார்வைக்குச் சாதுவான அந்தச் சுருட்டு புகைப்பவரைக் கிறுகிறுக்க வைத்துவிடும்.

நிறத்தைக் காட்டிலும் பயனுள்ளது மேலிலையின் பரப்பு. நரம்புகள் மெல்லியவையாக, சுற்று ஒன்றோடொன்று ஒட்டிய இடம் கண்ணுக்குத் தெரியாததாக, இலையில் இலேசான எண்ணெய்ப் பளபளப்பு உடையதாக இருந்தால் நல்ல இலை, கவனமான வேலை என்று கொள்ளலாம். காமரூன் இலையில் காணும் சிறுசிறு மணல்போன்ற புடைப்புகள் குறையல்ல; அந்த இலையின் இயல்பு அது. பிறகு சுருட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து நுனி முதல் அடி வரை மெதுவாக உருட்டி அழுத்திப் பார்க்கவேண்டும். எங்கும் ஒரே அளவு கொடுத்து மீளவேண்டும். ஓரிடத்தில் கல்போல் இருந்தால் அங்கே இலைகள் முறுக்கிக்கொண்டிருக்கின்றன, இழுவை அடைபடும். ஓரிடத்தில் பொத்தென்று அமிழ்ந்தால் அங்கே இலை போதவில்லை, புகை சூடேறும். பற்றவைக்கும் முனையைத் திருப்பிப் பார்த்தால் உள்ளிலைகளின் மடிப்பும் நிறவேறுபாடும் தெரியும். கருத்த இலைகள் நடுவில் இருந்தால் மனநிறைவு கொள்ளலாம்.

மூக்கு சொல்வதும் முக்கியமானது. மேலிலையில் ஒரு மணமும் திறந்த முனையில் வேறொரு மணமும் இருக்கும். உலர்ந்த வைக்கோல், தொழுவம், கொக்கோ, உலர் திராட்சை, மரத்தூள் என்று எதுவாகவும் இருக்கலாம், எதுவும் தவறில்லை. அம்மோனியா நெடி மட்டும் இருக்கக்கூடாது. புகையிலையைக் குவித்துப் புளிக்கவைக்கும்போது குவியலின் உள்ளே வெப்பம் ஏறி, அம்மோனியா வெளியேறுகிறது. அந்த நெடி இன்னும் மிச்சமிருந்தால் இலை போதுமான அளவு பாடம் போடப்படவில்லை, அல்லது சுருட்டு சுற்றிய ஈரத்தோடு அவசரமாகச் சந்தைக்கு வந்துவிட்டது என்று பொருள். அத்தகைய சுருட்டை அன்று மதிப்பிடுவது முறையல்ல. சில மாதம் ஓய்வில் வைத்துவிட்டுப் பார்க்கவேண்டும்.

ஓய்வு என்றதும் ஈரப்பதம் வருகிறது. சுருட்டுகளை 65 முதல் 70 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்தில், 16 முதல் 21 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைப்பது வழக்கம். ஹ்யூமிடோர் என்ற பெட்டிக்கு உள்ளே பதிக்கும் ஸ்பானிய சிடார் மரம் உண்மையில் சிடாரும் அல்ல, ஸ்பெயினில் விளைவதும் அல்ல; அமெரிக்க வெப்பமண்டலத்தில் வளரும் அந்த மரம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஈரம் கூடிய சுருட்டு உப்பிப்போய் இழுவை இறுகும், அடிக்கடி அணையும், புகை புளிப்பும் கசப்புமாக வரும். வறண்ட சுருட்டு விரலுக்குள் நொறுநொறுவென்று ஒலிக்கும், வேகமாக எரியும், தொண்டையைக் கமறவைக்கும். வெப்பம் மிஞ்சினால் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிந்து, மேலிலையில் ஊசித்துளைபோல் ஓட்டைகள் விழும். மேலே படியும் வெண்பொடியை ‘முதிர்ச்சியின் பூப்பு’ என்று கொண்டாடுவோர் உண்டு. பெரும்பாலான நேரங்களில் அது பூஞ்சணமே. இவையெல்லாம் வைப்பின் கோளாறுகள், சுருட்டின் கோளாறுகள் அல்ல என்பதால், வாங்கியவுடன் புகைத்து எழுதும் மதிப்புரைகளைவிடச் சில வாரங்கள் தம் பெட்டியில் நிலைப்படுத்திய பின் எழுதுபவர்களின் மதிப்புரைகளையே நான் நம்புவேன்.

வெட்டுவதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாயில் வைக்கும் முனையை மூடியிருக்கும் தொப்பியில், அது வளைந்து இறங்கும் தோளுக்கு மேலே, இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குக் கூரிய கத்தியால் ஒரே வெட்டு. கீழே இறங்கினால் மேலிலை பிரிந்துவரும். வெட்டியவுடன் பற்றவைக்காமல் இரண்டு மூன்று முறை காற்றை மட்டும் இழுத்துப் பார்ப்பது அவசியம். இழுவையில் இலேசான எதிர்ப்பு இருக்கவேண்டும். ஒன்றுமே தடுக்காமல் காற்று விர்ரென்று வந்தால் சுருட்டு சூடாகி எரிந்துபோகும். கன்னம் குழிய இழுக்கவேண்டியிருந்தால் மேற்கொண்டு எழுதும் சுவைக் குறிப்பு எதற்கும் மதிப்பில்லை. இந்தக் குளிர்ந்த இழுப்பில் உதட்டிலும் நாக்கிலும் படும் சுவையைக் குறித்துக்கொள்ளலாம்; பற்றவைத்த பிறகு வருவதோடு அது பெரும்பாலும் ஒத்துப்போகாது, அந்த வேறுபாடே பார்க்கத் தக்கது.

பற்றவைக்க வாசனையற்ற நெருப்பு வேண்டும். பியூட்டேன் லைட்டர், நீளத் தீக்குச்சி, அல்லது சிடார் மரச்சீவல் எதுவானாலும் சரி. பெட்ரோல் வகை எரிபொருளின் நாற்றம் முதல் அங்குலம் முழுவதையும் கெடுத்துவிடும். சுடர் சுருட்டைத் தொடாமல் சற்றுக் கீழே பிடித்து, முனையைச் சுழற்றிச் சுழற்றி வாட்டி, வட்டம் முழுவதும் சிவந்த பின்னரே முதல் இழுப்பு. கரி ஏறும்படி சுட்டெரித்தால் முதலில் வரும் கசப்பு சுருட்டினுடையதா நெருப்பினுடையதா என்று பிரிக்க முடியாது.

இனி வேகம். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு என்பது பழைய வழக்கம். கங்கு அணையாமலும் கொதிக்காமலும் இருக்கும் வேகம் அதுதான். விரைந்து இழுத்தால் கங்கின் வெப்பம் ஏறுகிறது. ஏறியதும் மெல்லிய மணப்பொருள்கள் சிதைந்து, கரியும் தாரும் போன்ற கசப்பு மேலோங்குகிறது. தொடக்கத்தில் பலருக்குச் சுவைகள் பிடிபடாமல் போவதற்கு முதற்காரணம் நாக்கல்ல, இந்த அவசரம்தான். சிகரெட் புகைத்துப் பழகியவர்களுக்கு இது கூடுதல் தொல்லை. சிகரெட்டின் புகை சற்று அமிலத்தன்மை உடையது; நிகோட்டின் முழுமையாக உடலில் சேர அதை நுரையீரல் வரை இழுக்கவேண்டியிருக்கிறது. சுருட்டின் புகை காரத்தன்மை உடையது. வாயின் உட்தோலிலேயே நிகோட்டின் ஊறி இறங்கிவிடும். ஆகவே சுருட்டுப் புகையை நுரையீரலுக்குள் இழுப்பதில்லை. வாயில் நிறுத்தி, சுழற்றி, விட்டுவிடுவார்கள்.

நுரையீரலுக்குள் இழுக்காததால் தீங்கில்லை என்று எடுத்துக்கொள்வது பிழை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998-இல் வெளியிட்ட விரிவான அறிக்கை, வாய், குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றின் புற்றுநோயோடு சுருட்டுக்கு உள்ள தொடர்பைத் தெளிவாகவே காட்டியது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பெட்டி சிகரெட்டின் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். மதிப்பீட்டுக்கென்று நாளுக்கு நாலைந்து சுருட்டு புகைப்பவர் உடம்பையும் கெடுத்துக்கொள்கிறார், தீர்ப்பையும் கெடுத்துக்கொள்கிறார்; இரண்டாவது சுருட்டிலேயே நாக்கு மரத்துப்போகும்.

சுவை என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்ற சில அடிப்படைச் சுவைகளே. நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று இடம் பிரித்துக் காட்டும் படத்தைச் சுருட்டுக் கையேடுகளில் இன்னும் அச்சிடுகிறார்கள். 1901-இல் டேவிட் ஹேனிக் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் வெளியிட்ட முடிவுகளைப் பின்னாளில் பிறழ உணர்ந்ததில் பிறந்த படம் அது. எல்லாச் சுவையும் நாக்கின் எல்லாப் பகுதியிலும் உணரப்படுகிறது. கொக்கோ, தோல், மரம், மண், காப்பிக்கொட்டை ஆகிய எதுவும் நாக்கில் இல்லை. வாயின் பின்புறம் வழியாக மூக்கின் உட்பகுதிக்கு ஏறும் ஆவியில்தான் அவை இருக்கின்றன. அதனால்தான் புகையில் ஒரு சிறு பங்கை மூக்கு வழியாக வெளிவிடும் முறை மதிப்பீட்டின் உயிர்நாடியாக இருக்கிறது.

அதைச் செய்வது கடினமில்லை. புகையை வாயில் நிறுத்தி, முக்கால் பங்கை வாய் வழியே விட்டுவிட்டு, எஞ்சிய கால் பங்கை வாயை மூடிக்கொண்டு, விழுங்குவதுபோன்ற சிறு அசைவோடு மூக்கு வழியே மெல்ல வெளியேற்றவேண்டும். வெளியேற்றும் மூச்சில்தான் இது நடக்கிறது. உள்ளே இழுத்தால் இருமல்தான் மிஞ்சும். முதல் சில முறை கண்ணில் நீர் வரும். எல்லா இழுப்பிலும் செய்யவேண்டியதில்லை. ஐந்தாறு இழுப்புக்கு ஒருமுறை போதும். வாயில் ‘ஏதோ மரம்’ என்று மட்டும் தெரிந்தது, மூக்கில் ஈரமரமா, உலர்மரமா, கரிந்த மரமா என்று பிரிந்து தெரிவதை அப்போது காணலாம். மிளகு என்று எல்லோரும் எழுதுவதும் இங்கேதான் விளங்கும். அது சுவையும் அல்ல, மணமும் அல்ல. முகத்தின் தொடுவுணர்வைச் சுமக்கும் முக்கிளை நரம்பு உணரும் எரிச்சல். அந்த எரிச்சல் கூர்மையாக வந்து உடனே அடங்கி, பின்னால் ஒரு மணத்தை விட்டுச்சென்றால் அது நல்ல காரம். அடங்காமல் மூக்குத்தண்டில் அரித்துக்கொண்டே இருந்தால் இளம் புகையிலை, அல்லது மிஞ்சிய வெப்பம்.

இனிக் காட்டம், கனம், சுவைமணம் என்ற மூன்றைப் பிரிக்கவேண்டும். மதிப்புரைகளில் மிகுதியாகக் குழப்பப்படுவது இந்த மூன்றும்தான். காட்டம் என்பது நிகோட்டின் உடலில் செய்யும் வேலை. அது நாக்கில் தெரியாது, வயிற்றிலும் நெற்றியிலும் தெரியும். பாதிச் சுருட்டு தாண்டியபின் இலேசான வியர்வை, தலை லேசாதல், குமட்டலின் சாயல் என்று வரும். வெறும் வயிற்றில் புகைத்தால் சாதாரணச் சுருட்டும் காட்டமாகத் தோன்றும் என்பதால், உணவுக்குப் பின் ஒரே அளவு இடைவெளி விட்டுப் புகைத்தால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். கனம் என்பது புகை வாயை நிறைக்கும் தன்மை. தண்ணீருக்கும் பாலுக்கும் வாயில் உள்ள வேறுபாட்டை நினைத்துக்கொண்டால் போதும். சுவைமணம் என்பது எவ்வளவு தெரிகிறது, எத்தனை விதமாகத் தெரிகிறது என்பது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்தே ஏறி இறங்கும் என்பதில்லை. காட்டம் குறைந்து, கனம் நடுத்தரமாக, சுவைமணம் நிறைந்த சுருட்டுகள் உண்டு. என் கணிப்பில் செய்வதற்கு மிகக் கடினமானவை அவையே. காட்டம் மட்டும் மிகுந்து, மிளகைத் தவிர ஒன்றும் தராதவையும் நிறைய உண்டு. அவை ‘முழு உடல்’ (ஃபுல் பாடி) என்ற புகழ்ச்சியின் நிழலில் தப்பித்துக்கொள்கின்றன.

பெயர் வைக்கும் வேலை இப்போதுதான் வருகிறது. நேரே ‘வறுத்த வாதுமை’ என்று தேடாமல், குடும்பத்திலிருந்து தொடங்கவேண்டும்: இனிப்பா, துவர்ப்பா, மண்ணா, மரமா, கொட்டையா, மசாலாவா, பூவா? அதில் ஒன்று பிடிபட்டால் அதற்குள் இறங்கலாம். மரம் என்றால் புதிதாக அறுத்ததா, பழைய அலமாரியா? கொட்டை என்றால் பச்சையா, வறுத்ததா, தோலின் துவர்ப்போடு இருக்கிறதா? எதுவும் பிடிபடவில்லை என்றால் ‘இனிப்பு, மரம்’ என்று மட்டும் எழுதி நிறுத்துவது நேர்மை. மணங்களுக்குப் பெயர் வராததன் காரணம் பெரும்பாலும் நினைவுதான். அந்தப் பொருள்களை நாம் கவனித்து முகர்ந்ததே இல்லை. கொக்கோத்தூள், பட்டை, கிராம்பு, சிடார்ச் சீவல், பழைய தோல் வார், ஈரமண் ஆகியவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பழகுவது, நூறு மதிப்புரைகளைப் படிப்பதைவிட விரைவில் பலன் தரும். மேலும், மற்றவர் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டுப் புகைப்பவருக்கு அதே குறிப்புத்தான் வாயில் தெரியும். மனம் அவ்வளவு இணக்கமானது.

விளைநிலத்தைப் பற்றிய பொதுமொழிகளையும் அளவோடு நம்பலாம். கியூபாவின் பினார் தெல் ரீயோ மாகாணத்து வுவெல்தா அபாஹோ வட்டாரம் நெடுங்காலப் புகழ் பெற்றது. கியூபப் புரட்சிக்கும் 1962-இன் அமெரிக்க வணிகத்தடைக்கும் பிறகு, நாட்டைவிட்டு வெளியேறிய புகையிலைக் குடும்பங்கள் தொமினிக்கன் குடியரசு, ஹொண்டுராஸ், நிகராகுவா ஆகிய நாடுகளில் வேரூன்றின. எஸ்தெலியின் கரிய மண் கார்ப்பும் அழுத்தமும் தருவதாகவும், அதே நிகராகுவாவின் ஹலாப்பா பள்ளத்தாக்கு இனிமையும் மணமும் தருவதாகவும் சொல்வார்கள். மெக்சிகோவின் சான் அந்த்ரேஸ் மேலிலையில் மண்ணும் கொக்கோவும் எதிர்பார்க்கப்படும். இவை பொதுவாக ஒத்துவருகின்றன. ஆனால் கலவை செய்பவரின் கை, இலையின் வயது, பாடம் போட்ட முறை ஆகியவை மண்ணின் குரலை எளிதில் அமுக்கிவிடும். மேலிலைதான் சுவையில் பாதிக்குமேல் தருகிறது என்ற கூற்றும் அப்படியே. அது சுருட்டின் பருமனைப் பொறுத்தது. சுருட்டின் பருமனை அங்குலத்தின் 64-இல் ஒரு பங்கு என்ற அளவில் சொல்வார்கள். பருமன் 38 உள்ள ஒல்லிச் சுருட்டில், பருமன் 60 உள்ளதைவிட, உள்ளிலையோடு ஒப்பிட மேலிலையின் பங்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஒரே கலவையை இரண்டு பருமனில் புகைத்துப் பார்த்தால் மேலிலையின் உண்மையான பங்கு தெரிந்துவிடும். மதிப்பீடு பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

சுருட்டை மூன்று பகுதியாகப் பிரித்துக் குறிப்பெழுதுவது வழக்கம். எரிந்துவரும்போது ஆவியாகும் எண்ணெய்களும் ஈரமும் இன்னும் எரியாத பகுதியில் படிந்துகொண்டே வருவதால், பின்பகுதியின் புகை இயல்பாகவே கனத்தும் காட்டமாகவும் இருக்கும். ஆகவே முதல் பகுதியில் தெளிவு, நடுப்பகுதியில் சமநிலை, கடைசிப் பகுதியில் கட்டுப்பாடு ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். முதல் பத்து இழுப்பில் மிளகைக் கொட்டி மயக்கிவிட்டு, நடுவில் வெறும் புகையாகிப்போகும் சுருட்டுகள் சந்தையில் ஏராளம். முதல் எண்ணத்தை வைத்து மதிப்பெண் போடுபவர்கள் அவற்றிடம் ஏமாறுகிறார்கள். மாற்றம் இருந்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே சுவையைத் தெளிவாக, அலுக்காமல் தந்தால் அதுவும் உயர்ந்த வேலைதான். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் வாயில் எது தங்குகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைத் தனியே குறிக்கவேண்டும். நல்ல சுருட்டின் பின்சுவை இனிப்போ மரமோ தெளிவாக நின்று, பிறகு வாயைச் சுத்தமாக விட்டுச்செல்லும். மட்டமானது நாக்கில் பூச்சுப்போல் ஒட்டிக்கொண்டு காறும்.

சாம்பலுக்குக் கொடுக்கப்படும் மதிப்பு சற்று மிகை. வெண்சாம்பல் உயர்தரத்தின் அடையாளம் என்பார்கள். சாம்பலின் வெண்மை பெரிதும் மண்ணிலிருந்து இலைக்கு வந்த மக்னீசியத்தைப் பொறுத்தது. சாம்பல்நிறச் சாம்பல் தரும் அருமையான சுருட்டுகள் உண்டு. பொட்டாசியம் எரிதலுக்கு உதவும், குளோரின் மிகுந்தால் இலை எரிய மறுக்கும் என்பதும் மண்ணின் கணக்கே. சாம்பல் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உதிராமல் நிற்பது, உள்ளே முழு நீள இலைகள் இருப்பதையும் சுற்றல் சீராக இருப்பதையும் காட்டும். அதற்குமேல் அதில் பொருள் தேடவேண்டியதில்லை. கங்கின் கோட்டைக் கவனிப்பது பயன் மிக்கது. சிறு வளைவு தானே சரியாகிவிடும். ஒருபக்கம் நீளமாக ஓடினாலோ, நடுவில் குகைபோல் எரிந்து மேலிலை நின்றுபோனாலோ சுற்றலில் குறை. லைட்டரால் திருத்தவேண்டிவந்த தடவைகளை எண்ணி எழுதிக்கொள்ளலாம். காற்று வீசும் இடத்தில் உட்கார்ந்து புகைத்துவிட்டு எரிதலைக் குறைசொல்லக்கூடாது.

மதிப்பிடும் நேரத்தில் குடிக்கத் தண்ணீர் மட்டும் போதும். காப்பியும் மதுவும் சுருட்டுக்கு நல்ல துணையாக இருக்கலாம், ஆனால் அவை தம் சுவையைச் சுருட்டின் கணக்கில் எழுதவைத்துவிடும். கடைசிப் பகுதியில் விரலுக்குச் சூடு ஏறும்போது, அல்லது கசப்பு இரண்டு மூன்று இழுப்பு தொடர்ந்து வரும்போது நிறுத்திவிடலாம். நசுக்கவேண்டியதில்லை, சாம்பல் கிண்ணத்தில் வைத்தால் தானே அணையும். நசுக்கினால் நெடி பரவும்.

மதிப்பெண் என்ற வழக்கத்துக்குப் பரவலான வடிவம் கொடுத்தது, 1992-இல் மார்வின் ஷாங்கென் தொடங்கிய சிகார் அஃபிசியனாடோ இதழ். அதன் 100 புள்ளி அளவுகோலில் தோற்றமும் சுற்றலும், சுவை, எரியும் பாங்கு, ஒட்டுமொத்த எண்ணம் என்ற தலைப்புகள் உண்டு. சுருட்டைச் சுற்றி ஒட்டியிருக்கும் முத்திரைப் பட்டையை அகற்றிவிட்டு, எந்த முத்திரை என்று தெரியாமல் புகைத்து மதிப்பிடுவது அதன் முறை. புள்ளிகளைவிட இந்த மறைப்புத்தான் எடுத்துக்கொள்ளவேண்டிய பாடம் என்பேன். விலையும் பெயரும் தெரிந்தபின் நடுநிலை என்பது மிக அரிது. தனியாகப் புகைப்பவர், வேறொருவரிடம் கொடுத்துப் பட்டையைக் கழற்றி எண் ஒட்டித் தரச்சொல்லலாம். அடுத்தது, ஒரு சுருட்டை வைத்து ஒரு முத்திரையைத் தீர்மானிக்கக்கூடாது. கைவேலை என்பதால் ஒரே பெட்டிக்குள்ளேயே வேறுபாடு இருக்கும். வெவ்வேறு நாளில் புகைத்த மூன்று சுருட்டுகளாவது வேண்டும். மூன்றில் ஒன்று இழுவை அடைபட்டிருந்தால் அது அந்தச் சுருட்டின் குறை. இரண்டு அடைபட்டிருந்தால் ஆலையின் குறை. அந்த வேறுபாட்டையே ஒரு தகவலாக எழுதவேண்டும், சராசரிக்குள் மறைக்கக்கூடாது.

குறிப்பு நீளமாக இருக்கவேண்டியதில்லை. பெட்டியின் தேதியை முதலில் எழுதவேண்டும். கியூபப் பெட்டிகளின் அடியில் அடைத்த மாதமும் ஆண்டும் முத்திரையிடப்பட்டிருக்கும். பிறகு ஏறத்தாழ இப்படி எழுதினால் போதும்: ‘எண் 3. நீளம் 124 மில்லிமீட்டர், பருமன் 50. எட்டு வாரம் 65 விழுக்காட்டில் இருந்தது. இழுவை சற்றே இறுக்கம், புகை போதுமானது. இருமுறை கோடு வளைந்தது, ஒருமுறை திருத்தினேன். காட்டம் நடுத்தரத்துக்குக் கீழே, கனம் நடுத்தரம். முதல் பகுதி: உலர்மரம், இனிப்பு, மூக்கில் வெண்மிளகு, விரைவில் அடங்கியது. நடு: இனிப்பு கூடியது, வறுத்த கொட்டை. கடைசி: மரம் கரிந்தது, துவர்ப்பு, நாலு சென்டிமீட்டரில் நிறுத்தினேன். முந்தைய இரண்டைவிட இழுவை மோசம், சுவை அதேதான். 65 நிமிடம். இன்னும் ஆறு மாதம் வைத்து மறுபடி பார்க்கவேண்டும். இப்போதைக்குப் பெட்டியாக வாங்கமாட்டேன், உதிரியாக வாங்குவேன்.’